போன் அடிமைக் கட்டுரையில் போனைக் காணோம்

'நானும் போனுக்கு அடிமையாக இருந்தேன்' வகைக் கட்டுரைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. நடுவில் பாட்டியும் திண்ணையும் வந்துபோகும். கடைசியில் இரண்டு நாள் போனை அணைத்து வைத்ததும் சிட்டுக்குருவிச் சத்தம் கேட்கும். எழுதுகிறவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதைப் படித்த கையோடு அடுத்த ரீலுக்குப் போய்விட முடிகிறதே, அதுதான் பிரச்சினை.

அந்தக் கட்டுரைகளில் போனில் என்ன ஓடியது என்பதே இருக்காது. 'மணிக்கணக்கில் ஸ்க்ரோல் செய்தேன்.' சரி, எதை? குடியைப் பற்றி எழுதுகிறவர் எந்தக் கடை, யாரோடு, தொட்டுக்கொள்ள என்ன என்பதுவரை எழுதிவிடுவார். போனைப் பற்றி எழுதுகிறவர் மட்டும் 'சமூக ஊடகம்' என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிடுகிறார். நடுராத்திரியில் மாட்டுக் குளம்பு சீவும் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன் என்று ஒருவர் எழுதட்டும், நான் நிமிர்ந்து உட்காருவேன். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தன் ஸ்டேட்டஸைப் பார்த்தாரா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன் என்று எழுதினால் இன்னும் நெருங்கி வருவேன். அங்கே வெட்கம் இருக்கிறது. அதனால் ஆளும் இருக்கிறார்.

அப்புறம், சுகத்தை மறைப்பது. ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி தன் அபின் பழக்கத்தைப் பற்றிய வாக்குமூலத்தை 1821இல் லண்டனில் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதில் அபினின் வேதனைகளுக்கு முன்னால் அபினின் இன்பங்களுக்கு என்றே தனிப் பகுதி உண்டு. அந்த இன்பத்தைப் படித்த பிறகு வேதனையை நம்பாமல் இருக்க முடியாது. நம் ஆட்களோ முதல் வரியிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுவிடுகிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுக்கும் ஒரு மருமகளுக்கு அன்றைய நாளில் யாரும் பங்கு கேட்காத நேரம் அது ஒன்றுதான். அதைச் சொல்லாமல் அவருக்குச் சிட்டுக்குருவியைக் காட்டி என்ன பயன்?

பழியை முழுக்க நிறுவனங்கள் மேல் போடும் கட்டுரைகளும் உண்டு. அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஆசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். முன்பு பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். கை அங்கே ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியைத்தான் எடுத்துவிட்டார்கள். இதைத் தன் கட்டைவிரல் வழியாகச் சொல்லத் தெரிந்தவர் எழுதினால் நன்றாக இருக்கும். பெரும்பாலும் நடப்பது வேறு. மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனம் பற்றி மூன்று பத்தி வரும், எழுதியவர் காணாமல் போய்விடுவார். திரைநேர ஸ்கிரீன்ஷாட்டும் இதே கதைதான். ஏழு மணி நேரம் என்ற எண்ணை வைத்து நான் என்ன செய்ய?

இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஆண்ட்ரூ சல்லிவன் 2016இல் நியூயார்க் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை. நாளெல்லாம் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்த மனிதர். ஒரே வருடத்தில் நான்கு முறை மார்புச்சளித் தொற்று. எச்ஐவியோடு பிழைத்துவந்தது இணையத்தால் சாகவா என்று மருத்துவரே கேட்டுவிட்டார். ஆனால் கட்டுரை என்னைப் பிடித்தது அங்கே இல்லை. போனை ஒப்படைத்துவிட்டு ஒரு தியான முகாமுக்குப் போகிறார். அங்கே சில நாளில், சிறுவயதில் அம்மாவின் மனநோயோடு வளர்ந்த துயரம் கிளம்பி வந்து அவரை உலுக்கிவிடுகிறது. அமைதியைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது அது. இத்தனை வருடச் சத்தம் எதன் மேல் மூடி போட்டிருந்தது என்று அப்போதுதான் நமக்கும் தெரிகிறது. வீட்டுக் கடன், கசந்த கல்யாணம், வேலையில்லாத பகல் என்று நம் மூடிகளுக்கு அடியிலும் ஏதாவது இருக்கும். அதைத் தொடாத கட்டுரை போனைப் பற்றிய புகார் மனு, அவ்வளவுதான்.

'இப்போது விடுபட்டுவிட்டேன்' என்ற கடைசிப் பத்தியை மட்டும் நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். டி குவின்சியும் சங்கிலியைக் கிட்டத்தட்ட முழுவதும் கழற்றிவிட்டதாக 1821இல் எழுதினார். 1859இல் இறக்கும்வரை அபினை அவர் முழுதாக விடவில்லை.