தெரியாதவர்களுக்கெல்லாம் 'நோ' போடலாமா?

"அதான் மூணு பேரும் ஜெயிச்சாச்சே, இன்னும் ஏன் புலம்பறீங்க" என்று இன்று காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நம் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர் பதவியில் நீடிக்கலாமா என்ற தேர்தல் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த வரியைப் பார்த்த பிறகு முடியவில்லை. தீபாவளி பாட்லக்கில் (ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் விருந்து) ஆரம்பித்து வாட்ஸ்அப்பில் முடிந்த அந்தப் பேச்சு இங்கே பலருக்கும் தெரியும் என்பதால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை.

நான் அண்ணன் என்று கூப்பிடும் நண்பர் அந்த விருந்தில் சொன்னது இதுதான்: "ஜட்ஜு பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? தெரியாதவனுக்கெல்லாம் நோ போட்டேன், வேலை முடிஞ்சது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராத்திரி அதுவே 'எல்லா நீதிபதிகளுக்கும் நோ' என்று ஒரு ஃபார்வர்டாகக் குழுவில் வந்து விழுந்தது, பதினேழு கட்டைவிரல்களோடு.

ஒருவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்பது அவரை வேலையிலிருந்து அனுப்பக் காரணம் ஆகாது. நான் அன்றைக்குச் சொன்னதும் இதுதான், இன்றைக்குச் சொல்வதும் இதுதான்.

பென்சில்வேனியாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் முதல் முறை கட்சி சார்பில் நின்று ஜெயித்து வருகிறார்கள். பத்து வருடம் கழித்து வருவது ரிடென்ஷன் ஓட்டு. எதிர்த்து நிற்க ஆள் கிடையாது, பெயருக்குப் பக்கத்தில் கட்சியும் கிடையாது. இவர் இன்னொரு பதவிக்காலம் நீடிக்கலாமா, எஸ் அல்லது நோ, அவ்வளவுதான் கேள்வி. 2025 நவம்பர் 4-ஆம் தேதி கிறிஸ்டின் டோனஹ்யூ, கெவின் டாக்ஹர்டி, டேவிட் வெக்ட் ஆகிய மூவருக்கும் அந்தக் கேள்வி வந்தது. மூவரும் 2015-இல் டெமாக்ரட்டுகளாக ஜெயித்தவர்கள். அதே ஓட்டுச் சீட்டில் சுப்பீரியர் கோர்ட்டுக்கு ஒருவர், காமன்வெல்த் கோர்ட்டுக்கு ஒருவர் என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாருமே பேசவில்லை, ஃபார்வர்டில்கூட அவர்கள் பெயர் இல்லை. ஆனால் 'எல்லாருக்கும் நோ' என்றால் அவர்களுக்கும் சேர்த்துத்தானே?

அந்த ஃபார்வர்டில் இருந்த ஒரு வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2020-இல் தபால் ஓட்டு வந்துசேர மூன்று நாள் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள், அதனால் மூவரும் போக வேண்டும் என்று அதில் இருந்தது. உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைப் படித்தேன். நான் வக்கீல் இல்லை, மெதுவாகத்தான் படித்தேன். அந்த அவகாசம் 4-3 என்ற கணக்கில்தான் நிறைவேறியிருக்கிறது. வேண்டாம் என்ற மூன்று பேரில் ஒருவர் டோனஹ்யூ! ரிப்பப்ளிகன் நீதிபதிகள் இரண்டு பேர் அவருடைய கருத்தோடு சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். எதை எதிர்த்து எழுதினாரோ அதற்காகவே அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஒரு செய்தி, அதற்குப் பதினேழு கட்டைவிரல்.

இன்னொன்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உள்ளே வைக்கும் ரகசிய உறை இல்லாமல் வரும் தபால் ஓட்டு செல்லாது என்று சொன்னதும் அதே நீதிமன்றம்தான். டெமாக்ரட்டுகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கட்சிக்காகவே எழுதுகிறவர்கள் இப்படி எழுதுவார்களா என்று குழுவில் கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் "நீங்க என்ன அவங்களுக்கு ஏஜென்டா?"

இல்லை, நான் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. யாருக்கு எஸ் போட்டேன், யாருக்கு நோ போட்டேன் என்று வீட்டிலேயே சொல்லவில்லை. மூவரில் ஒருவருடைய சில தீர்ப்புகள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

"அப்போ நீதிபதிகள் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும்தான், அதற்காகத்தான் இந்த ஓட்டே. 2018-இல் அமெரிக்க காங்கிரஸுக்கான (நாடாளுமன்றத்துக்கான) நம் மாநிலத் தொகுதி வரைபடத்தை ரத்து செய்தார்கள், மூவருமே அந்தப் பெரும்பான்மையில் இருந்தவர்கள். அதற்கு முந்தைய மூன்று தேர்தல்களிலும் 18 இடங்களில் 13 ரிப்பப்ளிகன்களுக்கே போனது, புதிய வரைபடத்தில் 9-9 ஆனது. நீதிமன்றம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று ஒருவர் அதைப் படித்துவிட்டு நோ போட்டால் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பேன். படிக்காமல் போடுவதைத்தான் சொல்கிறேன்.

"சும்மா ஒரு கோபத்தைக் காட்டினோம், அதனால என்ன ஆகிடப்போகுது?" ஆகும். 2005 ஜூலையில் நம் மாநிலச் சட்டமன்றம் ராத்திரி இரண்டு மணிக்கு, விவாதமே இல்லாமல், தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொண்டது. மக்களுக்கு நியாயமான கோபம். ஆனால் அந்த நவம்பரில் சட்டமன்ற உறுப்பினர்கள் யாரும் சீட்டில் இல்லை. இருந்தது ரஸ்ஸல் நைக்ரோவும் சாண்ட்ரா நியூமனும், இரண்டு நீதிபதிகள். நியூமன் தப்பித்தார், நைக்ரோ தோற்றார். நீதிபதிகளுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் கூடியது, அப்போதைய தலைமை நீதிபதி அதை ஆதரித்தார் என்பதெல்லாம் உண்மை. அந்தத் தலைமை நீதிபதியும் சீட்டில் இல்லையே. 1968-இல் இந்த முறை வந்ததிலிருந்து நம் உச்ச நீதிமன்றத்தில் இப்படிப் பதவி இழந்தவர் நைக்ரோ ஒருவர்தான். அயோவா மாநிலத்தில் 2010-இல் மூன்று நீதிபதிகளை இதேபோல் அனுப்பினார்கள். ஒருபாலினத் திருமணத் தீர்ப்பை ஏழு பேரும் ஒருமனதாகக் கொடுத்திருந்தார்கள், அந்த வருடம் சீட்டில் இருந்த மூவர் மட்டும் போனார்கள். தீர்ப்பு அப்படியே நின்றது.

இங்கே மூவரும் போயிருந்தால் ஏழில் நான்கு பேர்தான் மிச்சம், இரண்டு டெமாக்ரட், இரண்டு ரிப்பப்ளிகன். தற்காலிகமாக ஆள் போடுவதென்றாலும் கவர்னர் சொல்லி செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். இதையும் குழுவில் எழுதினேன். "கட்டுரை போடாதீங்க பாஸ்" என்றார்கள்.

என் அப்பாவின் பாகப்பிரிவினை வழக்கு ஊரில் பதினொரு வருடம் நடந்தது. வாய்தா அன்றைக்குக் காலையில் மஞ்சள் பையில் வழக்குக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு, வெளுத்த வேட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். சாயங்காலம் திரும்பி வந்ததும் பையை ஆணியில் மாட்டிவிட்டு எதுவும் பேசாமல் கைகால் கழுவப் போவார். அந்த அமைதியிலேயே தெரிந்துவிடும், இன்னொரு வாய்தா. ஒருமுறை பாதி விசாரணையில் நீதிபதி மாற்றலாகிப் போனார், புதியவர் முதலிலிருந்து கேட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று அப்பாவை யாரும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார்கள். 'யார்கிட்ட போய்ச் சொல்றது' என்று அம்மாவிடம் ஒரே ஒரு நாள் சொன்னார்.

என்னைக் கேட்டார்கள். அக்டோபரில் சமையலறை மேசையில் அந்தத் தபால் ஓட்டுச் சீட்டை விரித்து வைத்து, கறுப்புப் பேனாவை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. மூன்று ராத்திரி ஆனது எனக்கு. மாநில வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பீட்டைப் படித்தேன், அவர்கள் மூவரையும் பரிந்துரைத்திருந்தார்கள். அதை அப்படியே ஏற்காமல் சில தீர்ப்புகளையும் படித்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பவர்களுக்கு: நேரம் இல்லையென்றால் அந்த வட்டங்களை நிரப்பாமல் விட்டுவிடலாம். மற்ற ஓட்டுகள் செல்லும்.

ஜெயித்தாச்சே என்கிறீர்கள். மூவருக்கும் 60 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது, தெரியும். அவர்கள் தோற்றிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். 2027-இல் அதே நீதிமன்றத்தின் சாலி மண்டியின் முறை வரும், ரிப்பப்ளிகனாக ஜெயித்தவர். அவர் நீடிக்க விரும்பி நின்றால் அன்றைக்கு இன்னொரு பக்கத்திலிருந்து 'எல்லாருக்கும் நோ' வரும். அதற்கும் இதே பதிலைத்தான் போடுவேன், அன்றைக்கு யார் என்னை ஏஜென்ட் என்கிறார்கள் பார்ப்போம்.

உண்மையில் அரசியல்கூட இல்லை எனக்கு வலித்தது. சின்னவள் பிறந்து இவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பத்து நாள் ரசமும் பருப்புத் துவையலுமாகக் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போன வீடு அண்ணனுடையது. அவர் வாயிலிருந்துதான் அந்த 'ஏஜென்ட்' வார்த்தை வந்தது. பதினாலு வருடப் பழக்கத்தில் நான் யாருக்காவது ஏஜென்டாகப் பேசி இவர் கேட்டிருக்கிறாரா?

டோனஹ்யூ எழுதிய அந்த மாறுபட்ட கருத்தை, முக்கியமான பத்திகளில் கோடு போட்டு, புதன்கிழமை ராத்திரி அண்ணனுக்குத் தனியாக அனுப்பினேன். கீழே 'அண்ணா, இதை மட்டும் படிங்க' என்று எழுதினேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.