பட்டன் பேட்டரி 3 வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள்

"ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி வெறும் 3 வோல்ட், குழந்தை விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது, மறுநாள் மலத்தோடு வந்துவிடும்" என்று சிலர் சொல்வது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. கையால் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது சரி, ஆனால் இங்கே பிரச்சினை ஷாக் இல்லை. கார் சாவி, எடை பார்க்கும் மிஷின், சின்ன ரிமோட் என்று பலவற்றில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், சிறு குழந்தையின் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும் அளவு. அங்கே ஈரமான சதை இரண்டு முனைகளையும் இணைத்துவிடுவதால் மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது, மைனஸ் பக்கம் ஹைட்ராக்சைடு சேர்கிறது, அதாவது குழாய் அடைப்பு எடுக்க ஊற்றுகிற காரம் மாதிரி ஒன்று அங்கேயே உருவாகி சதையை அரிக்கிறது. பேட்டரி உடைந்து ஒழுக வேண்டும் என்றே இல்லை. 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண் வந்துவிடும்.

தீர்ந்துபோன பேட்டரிதானே என்றும் நினைக்க வேண்டாம், ரிமோட்டுக்குப் போதாத பேட்டரியில் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே ஆபத்துதான்.

சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் பார்க்கக் காசு மாதிரியே இருக்கும், விளிம்பில் தெரியும் இரட்டை வளையம்தான் வித்தியாசம். அதனால் பேட்டரியாக இருக்கலாம் என்பதைப் போனவுடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதே வகைப் பேட்டரியோ அதன் அட்டையோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.