தபேதார் என்றால் கலெக்டர் ஆபீஸ் ஆள் இல்லை

போன வாரம் மாடி வீட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு பேங்க்குக்குப் போனேன். பென்ஷன் விஷயம். பாரத்தில் கடைசியாக வகித்த பதவி என்ற இடத்தில் 'தபேதார்' என்று எழுதிக் கொடுத்தார். கவுன்டரில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்து, "எந்த கலெக்டர் ஆபீஸ் சார்?" என்றான். மாமாவுக்குக் காது மந்தம், ராணுவத்தின் டாங்கிப் படையில் இருந்த காலம் கொடுத்த சீதனம். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் சுருக்கென்றது.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. தபேதார் என்றால் நமக்கு வெள்ளை உடுப்பும் குறுக்குப் பட்டையும்தான் ஞாபகம் வரும். ராணுவத்தின் டாங்கிப் படையில் அது ஹவில்தாருக்குச் சமமான பதவி. அங்கே சிப்பாய் கிடையாது, சவார். சுபேதார் கிடையாது, ரிசால்தார். எல்லாம் குதிரைப்படை விட்டுப்போன பெயர்கள். சவார் என்றால் குதிரை ஏறியவன். வியாசர்பாடி ஆட்டோ ஸ்டாண்டில் காலையில் முதல் சவாரிக்குக் காத்திருக்கிறார்களே, அந்தச் சவாரியும் இதே குடும்பத்துச் சொல்தான். இதைச் சொன்னதும் மாமாவுக்கு ஒரே குஷி.

"மெட்ராஸ் ரெஜிமென்ட் தெரியுமா?" என்று கேட்டால் நம் ஆட்கள் 'வீர மதராஸி, அடி கொல்லு' என்று முழங்கிவிடுவார்கள். அது காலாட்படை. இந்தியாவின் டாங்கி ரெஜிமென்ட்களிலேயே பழையது எது என்று கேட்டுப் பாருங்கள், பஞ்சாப், ராஜஸ்தான் என்று கை காட்டுவார்கள். அது 16-வது லைட் கேவல்ரி. ஆற்காடு நவாபின் குதிரைப்படையாக 1776-லேயே இருந்தது, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறி மெட்ராஸ் குதிரைப்படை ஆனது. தென்னிந்திய வீரர்களின் ரெஜிமென்ட். இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் கவச கார்களோடு போனபோது அதன் தளபதி ஜே.என். சௌத்ரி. 1965 பாகிஸ்தான் போரில் அவர் ராணுவத் தலைமைத் தளபதி, அவருடைய பழைய ரெஜிமென்ட் சியால்கோட் பக்கம் செஞ்சுரியன் டாங்கிகளோடு நின்றது.

சரி, '250 வருஷத் தமிழர் வீரம்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடலாமா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சண்டை நடந்த ஊரின் பெயரில் ரெஜிமென்ட்டுக்குத் தரும் கௌரவம்தான் போர்ப் பட்டம். அந்த ரெஜிமென்ட்டின் பழைய பட்டங்களில் ஒன்று சோளிங்கர். ஆம், நாம் நரசிம்மரைப் பார்க்க மலை ஏறும் அதே சோளிங்கர். 1781-ல் கம்பெனிக்காக அங்கே சண்டை போட்டது ஹைதர் அலியை எதிர்த்து. ஸ்ரீரங்கப்பட்டணமும் பட்டியலில் உண்டு. இந்திய அரசர்களை எதிர்த்துச் சம்பாதித்த இப்படிப்பட்ட பட்டங்களை ராணுவம் இன்று கொண்டாடுவதில்லை. பெயர்களையும் பதவிகளையும் வைத்துக்கொண்டு, கொண்டாட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டார்கள். பாரம்பரியம் என்றால் வந்ததையெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற நம்மைவிட இந்த விஷயத்தில் அவர்கள் தெளிவு என்பேன். என் கட்சி இதுதான். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

மாமாவுக்கு இந்த வாதத்தில் எல்லாம் அக்கறை இல்லை. அவருக்கு டாங்கி என்றால் உள்ளே இருக்கிற நாலு பேர். ஓட்டுபவர், சுடுபவர், குண்டு ஏற்றுபவர், கமாண்டர். விஜயந்தா டாங்கியில் அப்படித்தான். பிறகு வந்த டி-72-ல் குண்டை மெஷினே ஏற்றிக்கொள்ளும் என்பதால் மூன்று பேர். "டீ போட ஒரு ஆள் குறைஞ்சு போச்சு தம்பி" என்பார், நிஜமான வருத்தத்தோடு. பிஸ்கட் டப்பாவில் ஒரு கறுப்புத் தொப்பி வைத்திருக்கிறார். டாங்கிப் படையின் தொப்பி அது. நாப்தலின் உருண்டை வாசனை. தலையில் வைத்துக் காட்டச் சொன்னால் மாட்டார், லேசாகத் தட்டிவிட்டு மறுபடி டப்பாவுக்குள் போட்டுவிடுவார்.

விஜயந்தா இதோ பக்கத்தில் ஆவடியில் பிறந்தது. 1961-ல் தொடங்கிய தொழிற்சாலை, 1965-ல் முதல் வண்டி. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி அங்கே வேலைக்குப் போய் ரிட்டயர் ஆனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மாமா அவர்களிடம் வேலை நேர்த்தி பற்றி இன்னமும் சண்டை பிடிப்பார்.

நேற்று சாயந்திரம் இரண்டு பேரும் பாலத்தின் மேல் நிற்கும்போது ஒரு கூட்ஸ் போனது. தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள். எது என்ன வண்டி என்று எப்படித் தெரியும் என்றேன். "கீழே சக்கரத்தை எண்ணு. ஆறு இருந்தா ரஷ்ய ஜாதி, ஏழு இருந்தா நம்ம அர்ஜுன்." எண்ணினேன். ரயில் வேகம் பிடித்துவிட்டது. ஐந்து வரைக்கும்தான் முடிந்தது. மாமா மட்டும் "ஆறு, ஆறு" என்றார், கடைசி வேகன் போகிறவரைக்கும்.