நேர்மையாகச் சம்பாதித்தவர்களுக்கு ஒரு சிக்கல்

“பணம் தப்பில்லை, பண ஆசைதான் தப்பு.” நம் சபைகளில் இதைச் சொல்லாதவர் இல்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் எவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்!

இயேசு எச்சரித்த பணக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 10-இல் வருகிறவன் சிறு வயது முதல் கற்பனைகளைக் கைக்கொண்டவன். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்றே எழுதியிருக்கிறது. அவனிடம்தான் உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றார். லூக்கா 12-இல் வருகிறவனுக்கு நிலம் நன்றாக விளைந்தது, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான், அவ்வளவுதான். லூக்கா 16-இன் ஐசுவரியவான் யாரையும் ஏமாற்றியதாக ஒரு வரி கிடையாது. இவர்களில் ஒருவர்மீதும் போலீஸில் புகார் கொடுக்க முடியாது. ஊரே பாவி என்று முறுமுறுத்த, வரி வசூலிக்கும் ஆயக்காரன் சகேயுதான் “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்ற வார்த்தையைக் கேட்கிறான். அதுவும் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு.

ஆகவே “உழைத்துச் சம்பாதித்தது, யார் வயிற்றிலும் அடிக்கவில்லை” என்று நாம் சொல்வதெல்லாம் இயேசு கேட்காத கேள்விக்குப் பதில்.

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றார் இயேசு. இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, எருசலேமில் அந்தப் பெயரில் ஒரு சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு நுழையும் என்பார். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. மண்டியிட்டால் நுழைந்துவிடலாம் என்றால் சீஷர்கள் ஏன் ஆடிப்போய், அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்கிறார்கள்? அவர்களுக்குப் புரிந்தது நமக்குப் புரியாமல் இல்லை. பிடிக்கவில்லை.

நான் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவன். அந்த இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் ஜான் வெஸ்லி 1786-இல் ஒரு கவலையை எழுதி வைத்தார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் கொண்டுவரும். அவை இரண்டும் பணத்தைக் கொண்டுவரும். பணம் பெருகப் பெருக பக்தி தேயும். முடிந்த மட்டும் கொடுத்துவிடுவது ஒன்றே வழி என்றார். மலேசிய ரப்பர் தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் குடும்பங்களைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும். தாத்தா இரட்சிக்கப்பட்டார், கள்ளுக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினார், பால்மரம் சீவிய கூலி முழுதாக வீடு வந்து சேர்ந்தது. அப்பா படித்தார், அரசாங்க வேலை. நாங்கள் கோலாலம்பூரை அடுத்த பூச்சோங்கில் வீடு வாங்கினோம். பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியா. ஒவ்வொன்றும் ஜெபத்தின் பலன் என்று சாட்சி சொல்கிறோம். அது பொய்யும் அல்ல. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் ஆராதனைகளில் சாட்சி நேரத்தில் கவனித்துக் கேளுங்கள்: கார், பதவி உயர்வு, வீடு. சம்பளம் குறைந்த வேலையை மனதார ஏற்றுக்கொண்டதற்காக ஸ்தோத்திரம் சொன்ன ஒருவரையும் நான் இதுவரை கேட்டதில்லை.

லூக்கா 16-இல் என்னை உறுத்துவது அந்த வாசல்தான். லாசரு என்ற ஏழை கிடந்தது ஊர்க்கோடியில் அல்ல, அந்த ஐசுவரியவானுடைய வாசலருகே. நாமோ வாசலையே தெருமுனைக்குத் தள்ளிப் போட்டுவிட்டோம். தடுப்புக் கம்பம், காவலாளி, மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம். அப்படி ஓர் இடத்தில் ஒரு புதுவீட்டு ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது. பந்தாய் டாலாம் மலிவு விலை அடுக்குமாடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்த ஒரு வயதான அம்மாவுக்கு வீட்டு எண் நினைவில்லை, காவலாளி உள்ளே விடவில்லை. வீட்டுக்காரரின் கைப்பேசி சத்தம் நிறுத்தப்பட்டிருந்தது, ஜெப நேரமாயிற்றே. உள்ளே நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். சாப்பாடு பரிமாறும்போதுதான் அவரைக் காணோமே என்று யாரோ கேட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், அந்த நேப்பாளிக் காவலாளி தன் பிளாஸ்டிக் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். “பரவாயில்லை தம்பி, இந்தப் பிள்ளை குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தது” என்றார் அம்மா.

அன்று யாரும் தப்புச் செய்யவில்லை. வீட்டுக்காரர் தாராளமான மனிதர், காவலாளி தன் வேலையைச் செய்தார். யாரும் தப்புச் செய்யாமலேயே ஒருவரை வெளியே உட்கார வைக்கப் பணத்தால் முடிகிறது. கெட்ட மனம் அதற்குத் தேவையே இல்லை.

ஏழ்மை புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாயும் வராது. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியர் கிளெமெந்து இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். விட வேண்டியது சொத்தை அல்ல, அதன்மேல் உள்ள பற்றை என்பது அவர் வாதம். கையில் ஒன்றும் இல்லாதவன் பசித்தவனுக்கு எப்படிக் கொடுப்பான் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பற்று விட்டதா இல்லையா என்று யார் அளப்பது? நானே அளந்தால் எப்போதும் தேறிவிடுவேன்.

அதனால்தான் எனக்கு வெஸ்லியின் கணக்குப் பிடிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் இளைஞருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்ட். 28-இல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். மறு ஆண்டு 60 வந்தது, அப்போதும் 28-இல்தான் வாழ்ந்தார், 32-ஐக் கொடுத்தார். பிறகு 90, பிறகு 120. செலவு மட்டும் அதே 28. ஒரு பிரசங்கத்தில் வெஸ்லி சொன்னது இது. அந்த இளைஞர் அவரேதான் என்று கருதுகிறார்கள். தசமபாகத்தைக் கொடுத்துவிட்டு மீதி 90 சதவீதத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று நாம் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கும் இதற்கும் வெகு தூரம்.

நம் குடும்பத்துக்கு அந்த 28 எவ்வளவு என்று சென்ற வாரம் வீட்டில் பேசினோம். ஆளுக்கொரு தாளில் எழுதினோம். மனைவி எழுதிய தொகை என்னுடையதைவிடக் குறைவு. பிள்ளைகளின் படிப்புச் செலவை அதற்குள் சேர்ப்பதா, வெளியே வைப்பதா என்று இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி உட்கார்ந்து எழுதிப் பார்த்திருந்தால், கல்விச் செலவை எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.