செத்த தெய்வங்களை எத்தனை முறைதான் மனப்பாடம் செய்வது?

மிஸ்ட்ரா உயிரோடு இருக்கிறாளா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, நான்கு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, இருபது நிமிடம் நான் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் கதையாட்டம். கதை நடப்பது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான். மந்திரவாதியாக ஆடுபவர், தன் கதாபாத்திரம் மந்திர தெய்வமான மிஸ்ட்ராவின் பக்தன் என்பதால் அவளுடைய கோயிலில் அன்றிரவு அடைக்கலம் கேட்கப்போவதாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர் பழைய நாவல்களைக் கரைத்துக் குடித்தவர். "அவளைத்தான் கொன்றுவிட்டார்களே, கோயில் ஏது?" என்றார். இருவரும் சொன்னது உண்மை. இருவரும் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களைப் படித்துவிட்டுத்தான் பேசினார்கள். அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தது நான்தான்.

ரசிகர்கள் தொகுத்து வைத்திருக்கும் விக்கியைத் திறந்தேன். அதில் எல்லாமே இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கும். மிஸ்ட்ரா மந்திரங்களின் தெய்வமாக இருந்தாள். வாட்டர்டீப் ஒரு பெரிய துறைமுக நகரமாக இருந்தது. கதையை எந்த ஆண்டில் வைத்து ஆடுகிறவருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக அப்படி எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவசரத்தில் தேடுகிறவனுக்கு, 'இருந்தாள்' என்றால் இப்போது இருக்கிறாளா, போய்விட்டாளா என்பது எப்படிப் புரியும்? கட்டுரையைக் கடைசிவரை உருட்டி, எந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதை வரிவரியாகப் படித்து, அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு அது ஆட்டப் புத்தகங்களின் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று சரிபார்த்த பிறகே, எங்கள் கதை நடக்கும், அந்த உலகத்துக் கணக்கில் 1492ஆம் ஆண்டில், அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதற்குள் மேசையில் இருந்த விறுவிறுப்பு அத்தனையும் வடிந்துபோயிருந்தது. விக்கியைத் தொகுப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கூலி வாங்காமல் இரவு பகலாக உழைக்கும் அவர்கள் இல்லையென்றால், இந்த உலகத்தை நான் எப்போதோ கைகழுவியிருப்பேன்.

என் ஆத்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. லோர் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்தப் பின்கதை பெரிதாக இருக்கிறதே என்று நான் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. பெரிதாக இருப்பதால்தான் இதன்மேல் காதல் வந்தது. எட் கிரீன்வுட் என்பவர் 1960களில், சிறுவனாக இருந்தபோதே தனக்காகக் கதை எழுதி வளர்க்கத் தொடங்கிய உலகம் இது. 1987இல்தான் அது ஆட்டத்துக்கான பெட்டியாக வெளிவந்தது. அதன் நாட்காட்டி ஒன்றே போதும், இதை உருவாக்கியவர் எவ்வளவு ஆசையாக உருவாக்கினார் என்பதற்கு. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதங்கள். எந்த மாதத்திலும் சேராமல் இடையிடையே நிற்கும் ஐந்து திருநாட்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு நாள். ஏழுநாள் வாரத்துக்குப் பதிலாகப் பத்துநாள் வாரம். எண்ணோடு சேர்த்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பெயர். அரைப் பக்கத்தில் அடங்கிவிடும் இந்த விவரத்தை ஒருமுறை படித்தேன், இன்றுவரை அது என்னைக் கைவிட்டதில்லை. கதாபாத்திரங்கள் நடுக்குளிர்காலத் திருநாளன்று ஒரு கிராமத்துக்குள் நுழைகிறார்கள் என்று நான் சொன்னால், அந்த நாள் எந்த மாதத்துக்கும் சொந்தமில்லாத நாள் என்ற உணர்வே காட்சிக்கு ஒரு நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. பின்கதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். படித்தவன் உழைப்பு வீண்போகக் கூடாது.

மிஸ்ட்ராவின் கதையில் அந்த உழைப்புக்கு என்ன கதி என்று பாருங்கள். முதலில் மிஸ்ட்ரில் என்று ஒரு தெய்வம் இருந்தாள். நெதெரில் பேரரசின் கார்சஸ் என்ற மந்திரவாதி அவளுடைய இடத்தைப் பறிக்கப் பார்த்தபோது, உலகத்தின் மந்திர வலை அறுந்துவிடாமல் காக்க அவள் தன்னையே பலிகொடுத்தாள். அவளுக்குப் பின் வந்தவள்தான் மிஸ்ட்ரா. 1358ஆம் ஆண்டில், தலைவிதிப் பலகைகளைத் திருடியவர் யார் என்ற தகராறில் ஏயோ என்ற மேலான சக்தி எல்லாத் தெய்வங்களையும் மண்ணுலகுக்குத் தள்ளிவிட, மீண்டும் மேலேறப் பார்த்த மிஸ்ட்ராவைக் காவல் தெய்வமான ஹெல்ம் கொன்றார். மிட்நைட் என்ற மனிதப் பெண் அவள் இடத்துக்கு வந்து, அதே பெயரை ஏற்றுக்கொண்டாள். அந்த மிஸ்ட்ராவும் 1385இல் சிரிக், ஷார் ஆகிய இரு தெய்வங்களின் சதியில் கொலையானாள். மந்திரமே நோய்பிடித்து உலகைச் சிதைத்த ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவு அதிலிருந்து வெடித்தது. நூறாண்டு கழித்து அவள் திரும்பி வந்தாள். மந்திரத்தைக் காக்கும் ஒரே ஒரு பொறுப்பில் இருப்பவள் மூன்று முறை செத்திருக்கிறாள். முதல் சாவைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கார்சஸின் பேராசையும், அவன் செய்த ஒரு தவறால் வானில் மிதந்த நகரங்கள் மண்ணில் விழுந்து நொறுங்கியதும் உண்மையான காவியச் சோகம். மூன்றாவது சாவைப் படித்தபோது எனக்கு மிஞ்சியது அலுப்பு ஒன்றுதான்.

ஏன் அலுப்பு? இந்தச் சாவுகளில் கடைசி இரண்டும் கதைக்காக நடந்தவை அல்ல. ஆட்டத்தின் விதிப்புத்தகம் மாறியதற்காக நடந்தவை. 1989இல் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதையொட்டித் தெய்வங்கள் கீழே தள்ளப்பட்டன. புதிய விதிகளில் கூலிக்கொலையாளி என்ற கதாபாத்திர வகை நீக்கப்பட்டிருந்ததால், அந்த உலகத்தின் கூலிக்கொலையாளிகள் கூண்டோடு மாண்டுபோனதாகக் கதை எழுதப்பட்டது. 2008இல் நான்காம் பதிப்பு வந்தது. மந்திரம் வேலைசெய்யும் முறையே தலைகீழாக மாறியது. உடனே மந்திர தெய்வம் கொலையானாள். 2014இல் ஐந்தாம் பதிப்பு பழைய முறையை நோக்கித் திரும்பியது, அவளும் திரும்பினாள். விதிகளை மாற்றுவது பதிப்பாளரின் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. 'இனி விதிகள் இப்படி, கதை பழையபடியே இருக்கிறது' என்று முன்னுரையில் இரண்டு வரி எழுதியிருந்தால் யார் சண்டைக்கு வந்திருப்பார்கள்? அதற்கு மனமில்லாமல், வாசகன் ஆண்டுக்கணக்கில் படித்து மனத்தில் கட்டிவைத்த வீட்டை, ஒரு சுவருக்கு வேறு நிறம் பூசுவதற்காக இடித்துத் தள்ளுகிறார்கள்.

அந்த நான்காம் பதிப்பில் நேர்ந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. 2001இல் வந்த பெரிய நூல், 320 பக்கம், உலகத்தை 1372ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தது. எந்த ஊரை யார் ஆள்கிறார், அவருக்கு எதிராகச் சதி செய்பவர் யார், எந்தப் பாதையில் வணிகர் கூட்டம் எதைச் சுமந்துகொண்டு போகிறது என்பது வரை அதில் இருந்தது. பத்தி பத்தியாக அடிக்கோடிட்டு, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதிப் படித்தேன். ஏழே ஆண்டு கழித்து 2008இல் வந்த நூல் கதையை 1479க்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நம் கணக்கில் ஏழு ஆண்டு, அவர்கள் கணக்கில் நூற்றேழு ஆண்டு! நான் பெயரும் முகமுமாகத் தெரிந்துவைத்திருந்த மனித அரசர்கள், வணிகர்கள், விடுதிக்காரர்கள் எல்லோரும் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையில் செத்து மண்ணாகிவிட்டார்கள். என்னுடைய ஓரக்குறிப்புகள் ஒன்றுகூட உதவாமல் போயின. நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப்களும் சில சாகாவரம் பெற்ற மந்திரவாதிகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

கணினியில் ஆடியவர்களுக்கும் இதே அநியாயம் நடந்தது. 1998இலும் 2000இலும் வந்த பால்டர்ஸ் கேட் ஆட்டங்களில் நாயகன் யார்? செத்துப்போன கொலைத் தெய்வமான பாஆலின் வாரிசாகப் பிறந்து, தகப்பனைப் போல ஆவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும் ஒருவர். பெயர், இனம், ஆணா பெண்ணா, நல்லவரா கெட்டவரா எல்லாமே ஆடுபவரின் தேர்வு. ராத்திரி ராத்திரியாக விழித்திருந்து நான் வளர்த்த என் நாயகி, கடைசியில் தகப்பனின் அரியணையை வேண்டாம் என்று உதறிவிட்டு மனுஷியாகவே வாழப் போனாள். இப்போது அதிகாரப்பூர்வக் கதை என்ன சொல்கிறது? அந்த வாரிசின் பெயர் அப்டெல் ஏட்ரியன். அவன் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து, 1482இல் பால்டர்ஸ் கேட் நகரத்திலேயே நடந்த ஒரு மோதலோடு முடிந்துபோனான். அதன் வழியாகப் பாஆலும் மீண்டுவிட்டான். 2013இல் வெளியான ஒரு சாகசப் புத்தகத்தின் தொடக்கக் காட்சிக்காக இது செய்யப்பட்டது. எந்தத் தகப்பன் திரும்பி வரக் கூடாது என்று நான் அத்தனை இரவு போராடினேனோ, அவனைத் திரும்பக் கொண்டுவர என் நாயகியின் இடத்தில் வேறொருவனை வைத்துக் காவுகொடுத்திருக்கிறார்கள். இதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

2021இல் பதிப்பாளர் தரப்பு ஒரு விளக்கம் சொன்னது: ஐந்தாம் பதிப்பின் ஆட்டப் புத்தகங்களில் இருப்பது மட்டுமே மேசை ஆட்டத்துக்கு அதிகாரப்பூர்வம், நாவல்களும் வீடியோ கேம்களும் முந்தைய பதிப்புகளும் கணக்கில் சேரா. பத்தாண்டுக் கணக்கில் குவிந்த செய்திகளைத் தெரிந்துகொண்டால்தான் ஆட்டம் நடத்த முடியும் என்ற சுமை யாருக்கும் இருக்கக் கூடாது என்பது காரணமாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் சுமை இறங்கியதா? அதே ஐந்தாம் பதிப்பின் புத்தகங்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஸ்பெல்பிளேக்கும், அதற்கு முந்தைய தெய்வங்களின் வீழ்ச்சியும் 'எல்லோருக்கும் தெரிந்ததுபோல' ஒரு வரியில் தொட்டுக்காட்டப்படுகின்றன. அந்த ஒரு வரி புரிய வேண்டுமென்றால் கணக்கில் சேராத பழைய புத்தகங்களுக்குத்தான் போக வேண்டும். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3ஐ ஆடிவிட்டுப் பேராவலோடு எங்கள் மேசைக்கு வந்த புதியவர் ஒருவர், "பேய்ன், பாஆல், மிர்குல் என்ற தெய்வங்கள் மூவரும் இத்தனை ஆட்டம் போடுகிறார்களே, அவர்களை ஏன் செத்த மூவர் என்கிறார்கள்?" என்று கேட்டார். எவ்வளவு நியாயமான கேள்வி! அதற்கு 1358இல் தொடங்கிப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணில் இருந்த ஆவல் மங்குவதை நான் நேரில் பார்த்தேன். போதாக்குறைக்கு, "இதுகூடத் தெரியாதா?" என்று உச்சுக்கொட்ட ஒருவர் எங்கும் இருக்கிறார். தெரியாதுதான். தெரிந்துகொள்ளும்படி எங்கே எழுதிவைத்திருக்கிறார்கள்?

நான் கேட்பது எட்டுப் பக்கம். ஒவ்வொரு பதிப்பின் ஆண்டையும் தலைப்பில் போட்டு, அந்த ஆண்டில் எந்தத் தெய்வம் உயிரோடு இருக்கிறது, எந்த நாடு வரைபடத்தில் இருக்கிறது, எந்த நாடு காணாமல் போயிருக்கிறது, யார் எங்கே ஆள்கிறார் என்று நேரடியாகச் சொல்லும் எட்டுப் பக்கம். பளபளப்பான ஓவியம்கூட வேண்டாம். என்ன விலை சொன்னாலும் மறுபேச்சில்லாமல் வாங்குவேன்.

ஏனென்றால் போன வாரம் அந்தப் புதியவர் தன் கதாபாத்திரத்தை எழுதிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது வீரன், அன்தர் நாட்டில் பிறந்து வளர்ந்தவன், பால்யத்தில் அங்கிருந்து நடந்தே மேற்குக்கு வந்தவன் என்று இரண்டு பக்கம், அழகான கையெழுத்தில். எங்கள் கதை நடப்பது 1492. அப்படியானால் அந்த வீரன் பிறந்தது 1442. ஸ்பெல்பிளேக் அன்தரைப் பெயர்த்து அபேர் என்ற வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் டிராகன் சாயல் கொண்ட டிராகன்பார்ன் மக்களின் டைமான்தர் என்ற நாடு முளைத்தது. 1480களில்தான் அன்தர் திரும்பி வந்தது. ஆக, அவர் எழுதிய வீரன் பிறந்த ஆண்டில் அவன் நாடே இந்த உலகத்தில் இல்லை. அங்கிருந்து அவன் நடந்து வந்திருக்கவே முடியாது. அந்தத் தாள்கள் இரண்டும் இப்போது என் மேசையில்தான் இருக்கின்றன. அடுத்த அமர்வுக்கு முன் அவருக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.