இடைவெளி விடாமல் இறுக்கினால் தண்டவாளம் நிற்காது

அண்ணா, தோட்ட ரயில் (வீட்டுத் தோட்டத்தில் ஓடும் சின்ன மாதிரி ரயில்) போட நினைக்கும் தம்பிக்கு "காங்கிரீட் போட்டு, இடைவெளியே விடாம திருகால இறுக்கிடு, அப்புறம் பராமரிப்பே வேணாம்"னு மேலே எழுதியிருக்கீங்க. காங்கிரீட் அடித்தளம் நல்லதுதான். ஆனால் இறுக்குவது தப்பு, அதுவும் சேலம் வெயிலுக்கு.

இந்தத் தண்டவாளம் பித்தளை; அது சூடு ஒரு டிகிரி கூடினா மீட்டருக்கு சுமார் 0.019 மி.மீ. நீளும். விடியலுக்கும் மதியத்துக்கும் தண்டவாளச் சூடு 30 டிகிரி கூடினால், 10 மீட்டர் பாதை கிட்டத்தட்ட 6 மி.மீ. நீளும். அது எங்கே போகும்? அஸ்தம்பட்டி வீட்டில் நானும் அப்படித்தான் இறுக்கினேன். ஒரு மே மாத மதியம் வளைவு வில் மாதிரி வெளியே பிதுங்கி, பிளாஸ்டிக் கட்டைகளில் தண்டவாளத்தைப் பிடிக்கும் சின்னக் கொக்கிகள் வரிசையாகத் தெறித்துக் கிடந்தன. மனசே விட்டுப்போச்சு.

திருகுகளையெல்லாம் கழற்றிட்டு, கிரஷர் சில்லை, அதாவது இயந்திரத்தில் உடைச்ச பொடிக்கல்லை, கட்டைகளுக்கு நடுவே நிரப்பினேன். உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், உருண்டுகிட்டே இருக்கும். முனையுள்ள சில்லுதான் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு பாதையைப் பிடிக்கும், நகரவும் விடும். மார்கழிக் காலையில் போடுறதா இருந்தா இணைப்புகளில் இடைவெளி விடணும். அந்த இணைப்புகளைத் தாண்டி ஒரு ஒயரைத் தொய்வாகப் பற்றவைத்தால் தண்டவாளம் வழியா ரயிலுக்குப் போகும் மின்சாரமும் அறாது.

பராமரிப்பு இல்லாமல் முடியாது தம்பி. மழைக்குப் பிறகு சில்லை நிரப்பி, மட்டம் பார்க்கணும்.