ஜூலை பில்லும் ஆன்ட்டியின் கறிவேப்பிலைச் செடியும்

ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து என் டைம்லைன் முழுக்க ஒரே மாதிரி படம்தான். ஜூலை மாத கரண்ட் பில், கடைசியில் இருக்கிற தொகையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், கூடவே நாலு வசவு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து நம் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லை. கிண்டல் செய்ய எனக்குத் தகுதி கிடையாது, மூன்று வாரத்துக்கு முன்னால் நானும் அதே வட்டத்தைப் போட்டவன்தான். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றிலாவது யூனிட் எத்தனை, எத்தனை நாளுக்கான பில் என்று தெரிகிறதா? அதைத்தான் கட் பண்ணிவிடுகிறீர்களே!

எங்கள் கதையைச் சொல்கிறேன். நாங்கள் கீழ்ப்போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம், மேலே வீட்டுக்கார ஆன்ட்டி. மீட்டர் ஒன்று, பில்லில் பாதி பாதி. மே மாதம் 1,800 ராண்டுக்குப் பக்கத்தில் இருந்தது ஜூலையில் 3,000-ஐத் தாண்டிவிட்டது. ஆன்ட்டி பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, "தம்பி, நைட் பூரா ஹீட்டர் போடுறீங்களா?" என்றார். நான் மனதுக்குள் அவருடைய பெரிய ஆயில் ஹீட்டரை நினைத்துக்கொண்டேன். ஆடிக் கூழ் ஊற்றுகிற மாதம் இங்கே நடுக்குளிர்காலம், ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எங்களிடமும் ஹீட்டர் உண்டு, பொய் சொல்லக்கூடாது.

சண்டை வளர்வதற்குள் இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மே பில் 29 நாளுக்கு 522 யூனிட், அதாவது ஒரு நாளைக்கு 18. ஜூலை பில் 34 நாளுக்கு 918 யூனிட், நாளைக்கு 27. ஆக, தொகை ஏறியதில் ஒரு பங்கு வெறும் ஐந்து நாள் கூடுதல். இன்னொரு பங்கு விலை, ஏனென்றால் நகராட்சிகளின் புதுக் கட்டணம் வருஷா வருஷம் ஜூலை 1-ஆம் தேதிதான் அமலுக்கு வரும், சரியாகக் குளிருக்கு நடுவில். இதெல்லாம் போக நாளைக்கு ஒன்பது யூனிட் எங்கேயோ போகிறது. பில் அசல் ரீடிங்கா, மீட்டரைப் பார்க்காமல் போட்ட மதிப்பீடா என்பதையும் பார்த்தேன், அசல்தான். உங்களுடையதில் மதிப்பீடு என்று இருந்தால் முதலில் போய் மீட்டரில் இருக்கிற எண்ணையும் பில்லில் இருக்கிற எண்ணையும் ஒப்பிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு ராத்திரி 11 மணிக்கு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தோம், கீசரைத் தவிர. ஃப்ரீசரை அணைக்க ஆன்ட்டி சம்மதிக்கவே இல்லை, மீன் கெட்டுப்போகுமாம். 2023-இல் லோட் ஷெட்டிங்கில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லாதபோது கெடாத மீனா, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். பிறகு டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு அணைந்தே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் திடீரென்று மின்ன ஆரம்பித்தது. போனில் நேரம் வைத்து எண்ணினால் நிமிடத்துக்கு 50 தடவை. எங்கள் மீட்டரில் ஆயிரம் தடவை மின்னினால் ஒரு யூனிட், அப்படியென்றால் மணிக்கு 3 யூனிட், அதாவது 3 கிலோவாட். அது கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் காயில்தான், வேறெதுவும் இல்லை. காலை 5 மணிக்கு ரீடிங் பார்த்தால், யாரும் குழாயைத் திறக்காத ஆறு மணி நேரத்தில் இரண்டு யூனிட் போயிருக்கிறது! 150 லிட்டர் கீசர் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தால் இரண்டு மூன்று யூனிட் போகும், எங்களுடையது எட்டு தின்கிறது.

விடிந்ததும் வீட்டைச் சுற்றி வந்தேன். கூரை ஓரத்தில் கீசரின் ஓவர்ஃப்ளோ குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர். கீழே ஒரு வாளி. கையை வைத்தால் வெதுவெதுப்பு. ஆன்ட்டி சாவகாசமாகச் சொன்னார், "அது மே மாசத்துலேருந்து வருது தம்பி, வேஸ்ட் ஆகக்கூடாதுன்னு கறிவேப்பிலைக்கு ஊத்துறேன்." ஒரு நாளைக்கு நாலைந்து வாளி! மூன்று மாதமாக ராண்ட் கொடுத்துக் காய்ச்சின தண்ணீரில் அந்தச் செடி குளித்திருக்கிறது. தண்ணீர் பில் வேறு தனி.

ஒழுகலுக்குக் காரணமான கீசர் வால்வை மாற்றி, 70 டிகிரியில் இருந்த தெர்மோஸ்டாட்டை 60-க்கு இறக்கினோம். இப்போது தினமும் நானே மீட்டரைக் குறித்துவைக்கிறேன், நாளைக்கு 22 யூனிட். மீதி நாலு குளிருக்கும் எங்கள் இரண்டு ஹீட்டருக்கும்.

விலையைப் பற்றிக் கோபப்படக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசு மின்சார நிறுவனமான எஸ்காமிடம் நேரடியாக வாங்குகிறவர்களுக்கு 2023-இல் 18.65 சதவீதம், 2024-இல் 12.74, 2025-இல் மறுபடி 12.74. பெருக்கிப் பாருங்கள், மூன்றே வருஷத்தில் 100 ராண்ட் 150 ஆகிவிட்டது. யாருக்குச் சம்பளம் இப்படி ஏறுகிறது? அந்தச் சண்டை நியாயமான சண்டை, போடுவோம். ஆனால் நம் வீட்டுக் கூரையில் ஒழுகுவதை எந்த ஆபீஸில் போய்ச் சண்டை போட்டாலும் அவர்கள் அடைக்க முடியாது.

இன்னொன்று, பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஆன்லைனில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே, வாங்காதீர்கள். வீட்டு மீட்டர் கணக்கிடுவது நிஜமாகச் செலவாகிற யூனிட்டை, அந்தப் பெட்டியால் அதில் கால் யூனிட்கூடக் குறையாது. எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, பச்சை விளக்கு மட்டும் அழகாக எரியும். வாங்கினது யார் என்று கேட்காதீர்கள்.

ஆன்ட்டிக்கு இப்போது வேறு கவலை. வெந்நீர் நின்றதிலிருந்து கறிவேப்பிலை இலை உதிர்கிறதாம். குளிருக்கு உதிரும் ஆன்ட்டி என்றால் கேட்கமாட்டேன் என்கிறார், பழியெல்லாம் என் மேல்.